மே மாத அளவு

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் பொரியில் செய்த உக்காணியில் கை வைத்த நேரம், ஷைலஜா மேடத்தின் ஜீப் வாசலில் வந்து நின்றது.

பெண்ணின் அப்பா ஓபுலேசு வாசலுக்கு ஓடினார்.

நாட்டின் நிலத்தடி நீரைக் கணக்கிட அரசாங்கம் தேர்ந்தெடுத்த கிணறுகளில் அவருடையதும் ஒன்று. மேடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து அளந்துவிட்டுப் போவார். மே மாதத்தில் அதில் தவளைகூட இருக்காது.

இன்று பாதிக் கிணறு தண்ணீர் நின்றது.

பையனுக்கு இரண்டு டிராக்டர் என்று தரகர் சொல்லியிருந்தார். பையனின் அப்பா பெத்தன்னா, பெண்ணைப் பார்க்கும் முன் கிணற்றைத்தான் பார்ப்பார் என்றும் சொல்லியிருந்தார். மகள் ஹரிப்பிரியாவுக்கு வந்த மூன்று வரன்கள் இந்தக் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டே திரும்பிப் போயிருந்தன.

அதனால் நேற்று இரவு முழுக்க டிராக்டர் டேங்கர், நடை மேல் நடையாக. ஊருக்குத் தெரியாமலிருக்க, தூரத்திலுள்ள கதிரியிலிருந்து. டிரைவர் மறந்து விட்டுப்போன ரப்பர் குழாயைக் கடலைக்கொடிப் போருக்குப் பின்னால் தள்ளியாயிற்று; ஒரு முனை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

மேடம் நாடாவில் சாக்பீஸ் பூசி இறக்கினார். ஈரம் பட்ட இடத்தைப் பார்த்தார். புருவம் ஏறியது.

இரண்டு தடவை அளந்து, இரண்டும் ஒத்துவந்தால்தான் எழுதுவார்கள். இரண்டாவது தடவை ஒரு விரல் குறைந்திருந்தது. மூன்றாவது தடவை இரண்டு விரல்.

மாப்பிள்ளை வீட்டார் தட்டை வைத்துவிட்டுக் கிணற்றைச் சுற்றி நின்றார்கள்.

"என்ன ஓபுலேசு, பாக்கப் பாக்க இறங்குதே?" என்றார் மேடம்.

"சும்மா சும்மா நாடாவ விட்டா அதுக்கும் கூச்சமா இருக்காதா மேடம்?" என்றவர், வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினார்: "பொண்ணக் கூட்டியாங்கடி! பூவெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம்!"

ஹரிப்பிரியா பாதிப் பின்னலோடு வந்து நின்றாள். பையன் மட்டும் அவளைப் பார்த்தான். மற்றவர்கள் நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேடம் வாளியில் கொஞ்சம் தண்ணீர் இறைத்து, ஒரு சின்னக் கருவியை அதில் நனைத்தார்.

"இந்தக் கிணத்தோட உப்பு எனக்குத் தெரியும். இது அந்தத் தண்ணியே இல்ல."

ஓபுலேசு தரையைப் பார்த்தார். நான்காவது வரன்.

பெத்தன்னா வாளியிலிருந்து ஒரு கை அள்ளினார். வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் சுழற்றினார். விழுங்கினார்.

"தட்ட மாத்திக்கலாம்," என்றார்.

மாற்றிக்கொண்டார்கள்.

கிளம்பும்போது பெத்தன்னா நேராகக் கடலைக்கொடிப் போருக்குப் பின்னால் போனார். ரப்பர் குழாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"நம்ம டிரைவருக்கு எப்பவும் மறதி. அடுத்த தடவ இருட்டுல வேணாம் சம்பந்தி. பகல்லயே போன் போடுங்க, டிராக்டர அனுப்புறேன். கதிரியில நம்ம கிணத்துல எவ்வளவு இறைச்சாலும் குறையாது."

ஓபுலேசுவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஜீப்பில் ஏறப்போன மேடம் காலைக் கீழே வைத்தார். பையிலிருந்து நாடாவை மறுபடி எடுத்தார்.

"அப்படியா? கதிரியில எந்தப் பக்கம்?"

பெத்தன்னாவின் தோளிலிருந்து குழாய் மெல்ல நழுவியது.