சோப்புக் கம்பெனி வாசல்

ராயப்பேட்டையில் தாத்தா நடத்திய சோப்புக் கம்பெனியையும் அதன் தொழிலாளர் குடியிருப்பையும் பற்றி வெங்கடரமணன் ஒரு வரலாறு எழுதிக்கொண்டிருந்தார். நாற்பத்திரண்டில், ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஊரே காலியானபோது, தாத்தா காவல்காரர் ஷரஃபுதீனிடம் "போய்ட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு ரயிலேறினார். திரும்பவே இல்லை. 'தொழிலாளர் அனைவரையும் பத்திரமாக அனுப்பிவைத்தார்' என்று வெங்கடரமணன் எழுதி வைத்திருந்தார்.

அந்த இடத்தில் இப்போதிருக்கும் அடுக்குமாடியைப் படமெடுக்கப் போனார். பழைய புகைப்படத்தில் பார்த்த அதே ஷரஃபுதீன், அதே வயதில், வாசல் ஸ்டூலிலிருந்து எழுந்து சலாம் வைத்தார்.

"வந்துட்டீங்களா சாமி? சாவி என்னாண்டதான் கீது. ஜனங்கல்லாம் உள்ள காத்துக்கினு கீறாங்க."

அவர் முகத்தைப் பார்க்க வெங்கடரமணனுக்குக் கூசியது. தலைகுனிந்தபடி திரும்பியவர், வாய்ப் பழக்கத்தில் சொன்னார்: "போய்ட்டு வரேன்."

"சரிங்க சாமி" என்று ஷரஃபுதீன் மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்தார்.