நான்காவது கண்

சிலந்தி ஓடாமலிருக்க ஐந்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைப்பது, பூச்சிகளைப் படமெடுப்பவர்கள் வெளியே சொல்லிக்கொள்ளாத வழக்கம். அவரும் வைத்தார். போன் வந்தது, பேச்சு சுவாரஸ்யத்தில் மறந்தே போனார். திறந்தபோது டப்பாவுக்குள் அது கால்களைச் சுருட்டிக்கொண்டு கிடந்தது.

"செத்துப் போச்சாப்பா?" என்றாள் மகள். தோட்டத்தில் அதைப் பிடித்துக் கொடுத்தவள் அவள்தான்.

"தூங்குதும்மா."

ஊசியால் கால்களைப் பிரித்து இலைமேல் ஒட்டினார். ஃபிளாஷுக்கு முன்னால் வெள்ளைத்தாளைக் கட்டி, பின்னாலிருந்து டார்ச் அடித்தார். ரோமமெல்லாம் பொன்னாக மின்னியது. கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம் விழுந்துவிட்டால் போதும், செத்ததுகூட உயிரோடிருப்பதுபோலத் தெரியும். 'விடியல்' என்று பேர் வைத்துப் போட்டிக்கு அனுப்பினார். முதல் பரிசு கிடைத்தது.

சட்டம் போடப் பெரிதாக்கியபோது மனைவிதான் கவனித்தாள். "முன்னாடி இருக்கிற நாலு கண்ணுல மூணுல உங்க தாள் தெரியுது. நாலாவதுல என்னங்க, ஃப்ரிட்ஜ் கதவை மூடிட்டு நிக்கிறீங்க?"

"ஏதோ நிழல்" என்று சொல்லி அந்தக் கண்ணை மட்டும் கறுப்பாக்கினார்.

மறுவாரம் பள்ளிக்கூட அடையாள அட்டைக்காக மகளை ஜன்னலோரம் நிறுத்திப் படமெடுத்தார். பெரிதாக்கிப் பார்த்தார். அவள் கண்கள் இரண்டிலும் ஜன்னல் இல்லை. பாதி மூடிய ஃப்ரிட்ஜ் கதவு இருந்தது, அதன் இடுக்கில் அவர் முகம் இருந்தது.

"நல்லா வந்திருக்காப்பா?" என்று கேட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் தலையைத் தூக்கவில்லை.