மாதிரிப் படம்

இறந்தவர்களை வைக்கும் குளிர்பெட்டியை வாடகைக்கு விடும் கடைக்கு பிரிசில்லா வெப்சைட் செய்து கொடுத்திருந்தாள். கண்ணீர் அஞ்சலிப் பக்கத்தில் மாதிரிக்காகத் தன் படத்தையும் பிறந்த தேதியையும் போட்டவள், எடுக்க மறந்துவிட்டாள். ஊரெல்லாம் பார்த்த பிறகுதான் பதறிப்போய்க் கடைக்காரர் முப்பிடாதிக்குப் போன் செய்தாள்.

“எடுத்துராதம்மா. அந்த மொகத்தப் பாத்துத்தான் ஆளுவ கூப்பிடுதாவ.”

“அண்ணாச்சி, நான் உயிரோட இருக்கேன்.”

“அது தெரியாமலா? ‘மறைவு’ன்னு ஒரு இடம் காலியாக் கெடந்துச்சு. இனிமே வாற தேதியாப் பாத்துத்தான் போடச் சொல்லி கடைப் பயகிட்ட சொல்லிருக்கேன்.”

பேசி முடித்ததும் போனிலேயே அந்தப் பக்கத்தைத் திறந்தாள். சிக்னல் இழுத்தது. முதலில் அவள் நெற்றி வந்தது, பிறகு கண்கள், பிறகு சிரிப்பு. அதற்குக் கீழே, தேதி வரும் இடத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டாள்.