சாவியை எடுத்த பிறகும்

சாவியை எடுத்த பிறகும் கார் அடங்கவில்லை. பானெட்டுக்குள் ஃபேன் கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

செல்லூரில் அன்று பகல் முழுக்கக் கரண்ட் கட். சந்தில் தறிகள் எல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்ததால் அந்தச் சத்தம் இன்னும் பெரிதாகக் கேட்டது.

"இதுதாண்ணே. இந்தச் சத்தம் நிக்கணும்" என்றாள் சத்யப்ரியா.

கார் எலக்ட்ரீஷியன் சோணைமுத்து தன் பட்டறை வாசலில் நின்று தலையைச் சொறிந்தான். சூடு தணியும்வரை ஃபேன் ஓடுவது இஞ்சினுக்கு நல்லது என்று சொல்லிப் பார்த்தான்.

இஞ்சினின் நலம் பார்க்கிற நிலையிலா அவள் இருந்தாள்!

அந்த ஃபேனுக்கு வாய்தான் இல்லை, கோள் சொல்லத் தெரியும். கடை, கோயில், வீடு. அதற்குமேல் காரை எடுக்கக்கூடாது என்பது கணவன் அசோக்குமாரின் சட்டம். போன வாரம் அவள் வந்து இறங்கிய கையோடு அவனும் பைக்கில் வந்துவிட்டான். வாசலில் ஃபேன் மூச்சிரைத்துக்கொண்டிருந்தது. அவன் பானெட்டையே பார்த்தான். பிறகு தினமும் கேட்பதைக் கேட்டான். இன்றைக்கு எங்கேயும் போனாயா?

இல்லை என்றாள்.

சரி என்றான்.

கார் விவரம் தெரியாத மனுஷன், பிழைத்தோம் என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் அன்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

அவள் திருட்டுத்தனமாகப் போய்வந்தது தங்கை தமிழ்வாணியின் வீட்டுக்கு. சாதி விட்டுக் கட்டிக்கொண்டு ஓடிப்போன தங்கையைப் பெரியண்ணன் பாண்டியராஜன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான். கண்ணில் பட்டால் என்ன செய்வான் என்பதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவள் இருக்கும் இடம் சத்யப்ரியா ஒருத்திக்குத்தான் தெரியும்.

தலைப்பிரசவத்தில்கூடத் தாய்வீட்டு மனுஷி ஒருத்தி பக்கத்தில் இல்லாமல் பெற்றவள் தமிழ்வாணி. அந்தக் கைக்குழந்தையைப் போய்த் தூக்காமல் எப்படி இருப்பது? அழுதால் நடுநடுவே விக்கும், ஆட்டுக்குட்டி மாதிரி. அந்த விக்கலைக் கேட்கத்தான் அவள் இத்தனை பொய்யும் சொன்னாள்.

இன்று தோதாக அமைந்தது. காலையிலேயே அசோக்குமார் பெரியண்ணனை வரவழைத்து, இடம் ஒன்று காட்டவேண்டும் என்று கூட்டிக்கொண்டு போய்விட்டான். திரும்பிவரச் சாயங்காலமாகும்.

பேட்டரியிலிருந்து நேராக ஃபேனுக்குப் போன ஒயரைச் சோணைமுத்து வெட்டினான். இனி சாவி போட்டால்தான் அதற்குக் கரண்ட் போகும். சாவியின் ஒயரைத் தேடி ஸ்டீயரிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்தான். இணைத்து, டேப் சுற்றி, வண்டியை ஸ்டார்ட் செய்து சூடேற விட்டான். ஃபேன் ஓடியது.

சாவியைத் திருப்பினான்.

பட்டென்று நின்றது.

அப்படியொரு நிம்மதி அவளுக்கு. சிரிப்புக்கூட வந்தது. இனி எப்போது வேண்டுமானாலும் போகலாம், பிள்ளையைக் கொஞ்சிவிட்டு வந்து பூனை மாதிரி வீட்டுக்குள் நுழைந்துவிடலாம்.

"அக்கா, ஸ்டீயரிங்குக்குக் கீழ ஜிபிஎஸ் டப்பா ஒண்ணு இருக்கு, அத நான் தொடல" என்றான் சோணைமுத்து, கையைத் துடைத்துக்கொண்டே. "வீட்டுக்காரரு வெவரமான ஆளுதான். வண்டி எங்க போகுது, எந்த வாசல்ல எம்புட்டு நேரம் நிக்குதுன்னு போன்லயே பாத்துக்கிருவாரு."

முதலில் அவளுக்கு விளங்கவில்லை.

டப்பாவைக் குனிந்து பார்த்தாள். தூசி அப்பிக் கிடந்தது. மாட்டி மாதக்கணக்கில் ஆகியிருக்கும்.

எத்தனை சாயங்காலம் இல்லை என்றிருக்கிறாள். எத்தனை சாயங்காலம் அவன் சரி என்றிருக்கிறான்.

பிடுங்கி எறியச் சொல்லலாம். எறிந்து என்ன ஆகப்போகிறது, அது சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டதே.

தமிழ்வாணிக்குச் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தாள். அதற்குள் அதுவே அடித்தது. அசோக்குமார்.

"எடத்துக்கு வந்துட்டோம் சத்யா. ஒங்கண்ணன் உள்ள போயிருக்காரு. நீ வீட்லதான இருக்க?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

தறிகள் நின்றிருந்தன. ஃபேனும் நின்றிருந்தது. அதனால் எல்லாமே தெளிவாகக் கேட்டது.

அவன் குரலுக்குப் பின்னால் ஒரு குழந்தை அழுதது. நிறுத்தி, விக்கியது. மறுபடியும் அழுதது.