முழங்கால் நேர்ச்சை

டாக்டர் அவள் வலது தொடையில் நீல மையால் ஓர் அம்புக்குறி போட்டார்.

"இந்தக் கால்தானேம்மா?" என்று நர்ஸ் மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆறு வருடமாகப் பாடாய்ப் படுத்துகிற கால் எதுவென்று அவளுக்குத் தெரியாதா?

வளையலும் தோடும் காலையிலேயே கணவரின் சட்டைப் பைக்குள் போய்விட்டன. உடம்பில் பச்சை கவுன். கையில் ஊசி. இன்னும் அரை மணி நேரத்தில் தியேட்டர்.

பக்கத்துப் படுக்கைக்காரி நேற்றிலிருந்து அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கும் இவள்தான் தைரியம் சொன்னாள். புது மூட்டு வைத்துக்கொண்டு இருவரும் சமயபுரம் வரை பஸ்ஸில் போய் வரலாம் என்று நாள்கூடக் குறித்துவிட்டாள்.

பயம் இவளுக்கு மருந்துக்கும் இல்லை. அறுக்கப்போவது டாக்டர். பார்த்துக்கொள்ளப்போவது வேளாங்கண்ணி மாதா. நடுவில் இவள் எதற்குக் கவலைப்பட வேண்டும்?

கணவர் சவரிராயன் கால்மாட்டில் நின்றிருந்தார். பொன்மலை ரயில்வே பணிமனையில் தொழிற்சங்கக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். தாலி கட்டிய நாளுக்குப் பிறகு கோயில் படி ஏறியதில்லை. அவள் பூசை முடித்து வரும்வரை வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். நாற்பத்தோரு வருடமாக அப்படித்தான்.

"வேற ஏதாவது கேக்கணுமாம்மா?" என்றார் டாக்டர்.

ஒன்றே ஒன்று இருந்தது.

"முட்டி போட்டு நடக்க எத்தன மாசம் ஆகும் சார்?"

டாக்டருக்குப் புரியவில்லை. அவளே விளக்கினாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால், மாதா குளத்திலிருந்து கோயில் வரைக்கும் மணலில் முழங்காலாலேயே நடந்து வருவதாக நேர்ந்திருக்கிறாள். போன மாதமே மெழுகுவர்த்தி ஏற்றி, மாதாவிடம் சொல்லியும் ஆயிற்று.

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. நடக்கலாம், மாடி ஏறலாம், பஸ் ஏறலாம். முட்டி போட்டு மட்டும் நடக்கவே கூடாது. எத்தனை மாதம் ஆனாலும்.



ஸ்ட்ரெச்சர் வந்தது.

அவள் ஏறவில்லை.

"வேணாம் சார். ஊசியக் கழட்டிடச் சொல்லுங்க."

வலி அவளுக்குப் பழக்கம். இன்னும் எத்தனை வருடம் வேண்டுமானாலும் விந்தி விந்தி நடந்துகொள்வாள். மாதாவுக்கு ஒன்றைச் சொல்லிவிட்டு ஏமாற்ற மட்டும் அவளால் முடியாது. அதை நினைத்தபோதுதான் முதல்முறையாகப் பயம் வந்தது.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். நர்ஸ் டாக்டரைப் பார்த்தாள்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. கண் நிறைந்துவிட்டது.

சவரிராயன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அவள் பக்கம் திரும்பாமலே வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

"சார், அப்படியே என் முட்டியையும் ஒரு பார்வ பாத்துடுங்க. மணல்ல தாங்குமா?"

டாக்டர் குனிந்து தொட்டுப் பார்ப்பதற்குள், அவள் யார் கையையும் பிடிக்காமல் ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்துவிட்டாள்.