வெள்ளிக்கிழமை லேப்

"வேற எது வேணாலும் எடு பூமிகா. வெள்ளிக்கிழமை சாயங்கால லேப் மட்டும் வேணாம்," என்றார் சந்திரகலா மேடம்.

எதிரே நின்ற பூமிகா சரி என்று தலையாட்டவில்லை.

கவரைப்பேட்டையைத் தாண்டி இருக்கிற அந்தக் காலேஜில் திங்கட்கிழமை காலை கடைசி வருஷத்துக்கான ரெஜிஸ்ட்ரேஷன் திறக்கிறது. திறந்ததும் பிள்ளைகள் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு அடித்துப் பிடித்து இடம் போடுவார்கள். அதற்கு முன்னால் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, எதை எடுக்கலாம், எதை விடலாம் என்று பேசி அனுப்புவது கிளாஸ் அட்வைசர் வேலை.

மற்ற அட்வைசர்கள் எந்தப் பாடம் என்று ஆரம்பிப்பார்கள். சந்திரகலா மேடம் எந்த ரயில் என்று ஆரம்பிப்பார்.

பாடம் கிடக்கிறது. ரயிலை விட்டால் அட்டெண்டன்ஸ் போச்சு. அட்டெண்டன்ஸ் போனால் பரீட்சை போச்சு. பரீட்சையும் போனால் அப்புறம் அந்தப் பெண்ணின் பெயரைக் கல்யாணப் பத்திரிகையில்தான் பார்க்கலாம். போன வருஷம் சோனியா என்ற மாணவியை அப்படித்தான் பறிகொடுத்தார். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

பூமிகாவையும் அப்படி விட முடியுமா? பாடம் நடத்தும்போது, புரிகிறதா என்று மேடம் பார்ப்பதே இவள் முகத்தைத்தான்.

எளாவூரிலிருந்து ரயிலில் வந்துபோகிற பெண். செவ்வாய்க்கிழமை காலை லேபில் தாராளமாக இடம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு வெள்ளிக்கிழமைதான் வேண்டும் என்கிறாள். அந்த லேபை முடித்துவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினால் ரயில் போயிருக்கும். அடுத்ததைப் பிடித்து வீடு போய்ச் சேருவதற்குள் இருட்டிவிடும். அந்த லேபை எடுப்பதெல்லாம் காலையில் எழுந்திருக்க உடம்பு வணங்காத பையன்கள்.

பையன்கள் என்றதும் மேடத்துக்குப் பொறி தட்டியது. ஓஹோ, கதை அப்படிப் போகிறதா!

"யாரும்மா அது?"

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம்!" பூமிகாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அப்புறம் குரல் இறங்கியது. "வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஊட்ல இருந்தா, பொண்ணு பாக்க வந்துட்றாங்க மேடம்."

அப்பா தணிகாசலத்துக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனி வேலை. வார லீவு வெள்ளிக்கிழமை. நல்ல நாளும் அதுதான், அவர் வீட்டில் இருக்கிற நாளும் அதுதான். அவருடைய அக்காவான அத்தைக்கு வசதியாகப் போயிற்று, பூவும் பழமுமாக யாரையாவது கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறாள். வருகிறவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றே ஒன்று: படிச்ச வரைக்கும் போதும். போன வாரம் தட்டு மாற்றுகிற வரைக்கும் போய், கடைசி நேரத்தில் ஜாதகம் இடித்ததில் தப்பித்தாளாம். அடுத்த வாரமும் இடிக்கும் என்று என்ன நிச்சயம்?

மேடத்துக்குப் பகீரென்றது. செவ்வாய்க்கிழமை எடு, சீக்கிரம் வீடு போய்ச் சேர் என்று சொல்லிச் சொல்லி, நாமே இவளைக் கொண்டுபோய் மணையில் உட்கார வைக்கப் பார்த்தோமே!

"வெள்ளிக்கிழமையே எடு," என்றார்.

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. சாயங்கால லேபில் பெண்பிள்ளை சேர்வதானால், அட்வைசர் வீட்டுக்குப் போன் போட்டு அப்பா வாயாலேயே சம்மதம் வாங்க வேண்டும். அந்த டிபார்ட்மென்டில் அப்படி ஒரு வழக்கம். போன் என்றால் இவள் பயப்படுவாள் என்று பார்த்தால், பூமிகா தானாகவே நம்பரைச் சொன்னாள்.

இன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான். தணிகாசலம் வீட்டில் இருந்தார்.

பெற்றவர்களிடம் பொய் சொல்லி மேடத்துக்குப் பழக்கமில்லை. ஆனாலும் கூசாமல் சொன்னார். அந்த லேப் கட்டாயம், வேறு நாளே கிடையாது, எடுக்காவிட்டால் டிகிரி வராது.

"இன்னா மேடம் பேசறீங்க?" தணிகாசலம் போட்ட சத்தம் பூமிகாவுக்கே கேட்டது. "வயசுப் பொண்ண இருட்டுற வரைக்கும் அங்கியே வெச்சுக்கினா எப்டி? நாலு பேரு வந்து போற ஊடு இது!"

பின்னால் ஒரு பொம்பளைக் குரல், "நல்லா கேளு, உடாத," என்றது.

போச்சு. நாமே போன் போட்டு நாமே கெடுத்துவிட்டோம். மேடத்துக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பூமிகாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

போனில் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. கதவு சாத்துகிற சத்தம். அப்புறம் ஹைவேயில் லாரிகளின் ஹாரன்.

தணிகாசலத்தின் குரல் இப்போது வேறு யாரோ பேசுவதுபோல இறங்கி வந்தது.

"தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். அக்கா உள்ள குந்திக்கினு கீது, அதான் கத்தினேன். அது வளத்த புள்ள நானு, மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது. அந்த லேபு எடும்மான்னு பொண்ணுகிட்ட சொன்னதே நான்தான்."

ஒரு லாரி தாண்டிப் போகிற வரைக்கும் நிறுத்தினார்.

"வெள்ளிக்கெயம இல்லன்னா, நான் டூட்டிக்குப் போனாலும் அது ஞாயித்துக்கெயம யாரயாவது கூட்டிக்கினு வந்துடும் மேடம். அன்னிக்கும் எதனா கிளாசு இருந்தா, போட்டு உட்ருங்க."