பசுமைக் காவலர்

மேல்மலைக் காட்டில் செடிவகைகளைக் கணக்கெடுக்கும் மரியபுஷ்பத்துக்கு அன்றோடு வேலை போயிற்று. அடிவார உர ஆலையின் புகை மலைக்கும் உரமாக இறங்கியதில் காஞ்சொறி மட்டும் கொழுத்து, மற்ற எல்லாச் செடிகளையும் அமுக்கிவிட்டது. ஒரே செடியைக் கணக்கெடுக்க ஆள் எதற்கு?

'பசுமைக் காவலர்' பட்டம் வாங்கிய ஆலை முதலாளி ரத்தினசபாபதி, படம் எடுத்துக்கொள்ள முதன்முறையாகக் காட்டுக்குள் வந்தார்.

"பாத்தியாம்மா, என் புண்ணியத்துல காடே பச்சைப்பசேல்னு இருக்கு!"

"அதுல சாஞ்சு படுத்தீங்கன்னா இன்னும் எடுப்பா இருக்கும் சார்."

கன்னத்தில் கைவைத்துச் சாய்ந்தவர், அலறிக்கொண்டு எழுந்தார். கழுத்தெல்லாம் தடிப்பு.

"அய்யோ, அரிக்குதே! ஏதாவது பச்சிலை பறிச்சுக் குடும்மா!"

"இதுக்குன்னே ஒண்ணு பக்கத்துலயே முளைக்கும் சார். உங்க புகையில அதுவும் அழிஞ்சிருச்சு. பேரு வேணா சொல்றேன், தடவிக்கிறீங்களா?"